கிங்பின் பேரிங் சீக்கிரம் போவது ஏன்? பெரிய டயர் போட்ட வண்டிகளுக்கு என்ன செய்யலாம்?

#1 மேடுபள்ளம்

வணக்கம் நண்பர்களே. என் வண்டியில் மூடிய நக்கிள் உள்ள சாலிட் முன் ஆக்சில்: ஆக்சில் முனையிலுள்ள பந்தை மூடியபடி நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) இருக்கும், மேலும் கீழும் உள்ள கிங்பின்களில் அது திரும்பும். டயர் 29 அங்குலத்திலிருந்து 33 அங்குலம் ஆகியிருக்கிறது. பக்கத்துக்கு 30 மி.மீ. வீல் ஸ்பேசரும் (சக்கரத்தை வெளியே தள்ளும் வளையம்) உண்டு. ஸ்டாக் டயரில் பிரச்சினையே தராத கிங்பின் பேரிங், இப்போது புதிதாகப் போட்டாலும் சீக்கிரம் போய்விடுகிறது. ஸ்டியரிங்கை நேராக வைக்கும்போது ஏதோ ஒரு பள்ளத்தில் "டக்" என்று உட்காருகிறது. கொஞ்ச நாளில் ஆட்டம் வந்து, மேடு ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் உதற ஆரம்பிக்கின்றன. கீழ் பேரிங்தான் எப்போதும் முதலில் போகிறது.

இதைவிடத் தடித்த பேரிங் அந்த இடத்தில் உட்காராது. பிரீலோடை (பேரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் சுமை) கூட்டி வைத்தால் சரியாகுமா? வெண்கல புஷ்ஷுக்கு (ரோலர் இல்லாத வழுக்கு உறை) மாறலாமா? கிரீஸை மாற்றினால் போதுமா? காரணத்தோடு சொன்னால் நல்லது.

#2 திருகுவிசை

காரணத்திலிருந்தே வருகிறேன். அது புரியாமல் பாகம் மாற்றினால் அதே இடத்துக்குத்தான் திரும்பி வருவீர்கள்.

கிங்பின் பேரிங் சுழலும் பேரிங் அல்ல. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சேர்த்து 60, 70 டிகிரி ஊசலாடும், அவ்வளவுதான். நேர் சாலையில் ஓடும்போது அந்த ஆட்டம் இரண்டு பக்கமும் ஐந்து டிகிரியைத் தாண்டாது. டேப்பர் ரோலர் பேரிங்கில் (கூம்பு ரோலர் உள்ளது) கோன் (உள் வளையம்) 10 டிகிரி நகர்ந்தால் கேஜ் (ரோலர்களைப் பிடிக்கும் கூடு) 4, 5 டிகிரிதான் நகரும். 14 ரோலர் இருக்கும் பேரிங்கில் ஒரு ரோலருக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஏறத்தாழ 26 டிகிரி இடைவெளி. ஆக, ஒவ்வொரு ரோலரும் தன் கோட்டிலேயே முன்னும் பின்னுமாகத் தேய்கிறது. பக்கத்து ரோலரின் தடத்துக்குப் போவதே இல்லை. சுழலும் பேரிங்கில் எண்ணெய்ப் படலம் தானாக உருவாகும். இங்கே அதற்கு வாய்ப்பில்லை. அந்தக் கோட்டிலிருந்த கிரீஸ் ஓரத்துக்குப் பிதுங்கிப் போனால் திரும்பி வராது.

இந்த நிலையில் இரண்டு வகைச் சேதம் நடக்கும். ஒன்று, பாறையிலோ குழியிலோ விழும் ஒரே அடியில் ரோலர் கப்பில் (வெளி வளையம்) பதிந்துவிடுவது. உருளைப் பேரிங்கின் நிலைச்சுமை மதிப்பு 4000 மெகாபாஸ்கல் தொடு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த அழுத்தத்திலேயே ரோலர் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிரந்தரப் பதிவு விழும். அதைத் தாண்டும் ஒவ்வொரு அடியும் பள்ளத்தை ஆழமாக்கும். இரண்டு, அடியே இல்லாமல் அதிர்வால் மட்டும் நடக்கும் அரிப்பு. 1930களில் ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்களின் வீல் பேரிங்குகள் ஓடாமலே தடம் விழுந்து போய்ச் சேர்ந்தது இதே காரணத்தால்தான். வண்டியை ட்ரெய்லரில் கட்டி நெடுந்தூரம் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கீழ் பேரிங் முதலில் போவதில் வியப்பில்லை. மூடிய நக்கிளில் கப் ஆக்சில் பந்தில் இருக்கிறது. கோன், நக்கிளோடு சேர்ந்த பின்னில் இருக்கிறது. வண்டியின் எடை பந்தைக் கீழே தள்ளுகிறது, டயர் நக்கிளை மேலே தள்ளுகிறது. அந்த நேர்ச்சுமை முழுவதும் கீழ் பேரிங்கில்தான் விழுகிறது. தண்ணீரும் இரும்புத் தூளும் வந்து தங்குவதும் அங்கேதான்.

இனி டயர். இரண்டு பேரிங்குக்கும் நடுவே 150 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் அடியில் 4000 நியூட்டன் பக்கவிசை வருகிறது. சுமையோடு டயர் ஆரம் 350 மி.மீ. என்றால் மேல் பேரிங்குக்கு சுமார் 7,300 நியூட்டனும், கீழ் பேரிங்குக்கு 11,300 நியூட்டனும் போகும். ஆரம் 400 மி.மீ. ஆனால் அதே பக்கவிசைக்கு 8,700, 12,700. கீழ் பேரிங்கில் 12 சதவீதம்தானே கூடியது என்று விட்டுவிடக் கூடாது. ரோலர் பேரிங்கின் ஆயுள் சுமையின் 10/3 அடுக்கில் குறையும், அதனால் சூத்திரப்படி ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்தச் சூத்திரம் சுழலும் பேரிங்குக்கு எழுதியது. ஊசலாடும் பேரிங்கின் நிலை அதைவிட மோசம்.

ஸ்பேசர் கணக்கு தனி. ஒரு சக்கரத்தில் 6000 நியூட்டன் எடை இருந்தால் 30 மி.மீ. ஸ்பேசர் 180 நியூட்டன் மீட்டர் வளைவுவிசையைக் கூட்டுகிறது. 150 மி.மீ. இடைவெளியில் அது பேரிங்குக்கு 1200 நியூட்டன், அதுவும் வண்டி சும்மா நிற்கும்போது. சக்கரம் குதித்து இறங்கி மூன்று மடங்கு சுமை வந்தால் 3600. வளைவில் வெளிச்சக்கரத்தில் இது பக்கவிசையை எதிர்த்துக் கொஞ்சம் குறைக்கும், உள்சக்கரத்தில் கூட்டும். ஸ்பேசர் ஸ்க்ரப் ஆரத்தையும் (கிங்பின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் மையத்துக்கும் உள்ள தூரம்) கூட்டுவதால் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கை உதைக்கும் உதையும் பெரிதாகிறது.

முதல் பரிந்துரை: ஸ்பேசரைக் கழற்றுங்கள். டயர் ஸ்பிரிங்கிலோ ரேடியஸ் ஆர்மிலோ உரசினால் ஸ்டியரிங் ஸ்டாப்பை (திருப்பத்தை நிறுத்தும் தடுப்பு) இரண்டு டிகிரி முன்னதாக நிறுத்தும்படி வையுங்கள். திரும்பும் வட்டம் கொஞ்சம் கூடும். பேரிங்குக்கு அது எவ்வளவோ மேல்.

#3 பட்டறைக்காரன்

கணக்கு சரி. பிரிக்கிறதுக்கு முன்னாடி ஆட்டம் கிங்பின்னில்தானா என்று உறுதி பண்ணிக்குங்க. நிறைய பேர் வீல் பேரிங் ஆட்டத்தை கிங்பின் என்று நினைத்துப் பிரிக்கிறாங்க.

ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. டயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டணும். ஆட்டம் தெரிந்தால் ஒருத்தரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின். டிஸ்க் பிரேக் வண்டியில் காலிப்பர் நக்கிளில் இருக்கு, டிஸ்க் ஹப்பில் இருக்கு. பிரேக் பிடித்ததும் ஹப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடும், அதனால்தான் இந்தச் சோதனை வேலை செய்யுது. ஒரு விரலைப் பந்துக்கும் நக்கிளுக்கும் நடுவில் வைத்தால் ஆட்டம் விரலிலேயே தெரியும்.

அடுத்தது டை ராடை (இரண்டு நக்கிளையும் இணைக்கும் கம்பி) கழற்றிட்டு நக்கிளைக் கையால் கோடிக்குக் கோடி மெதுவா திருப்பணும். நடுவில் மட்டும் உட்கார்ந்தால் கப்பில் தடம் விழுந்தாச்சு. அதை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எடுத்து டைட் பண்ணி ஓட்டாதீங்க. பள்ளத்தில் இருக்கும்போது பிரீலோட் சரியா காட்டும், திருப்பினதும் ரோலர் மேட்டில் ஏறி இறுகும். ஸ்டியரிங் தானா நடுவுக்குத் திரும்பாது.

பிரித்ததும் கப்பை வெளிச்சத்தில் பாருங்க. பள்ளத்துக்குள்ளே தயாரிப்பின்போது விழுந்த அரைப்புக் கோடு இன்னும் தெரிஞ்சா அது அடியால் வந்தது: டயர், ஸ்பேசர், குதிக்கவிட்டு ஓட்டுறது, அந்தப் பக்கம் பாருங்க. கோடு அழிஞ்சு செம்பழுப்புத் தூளோ கறுப்புக் கறையோ இருந்தா அதிர்வு அரிப்பு: கிரீஸும் பிரீலோடும்தான் காரணம். சாம்பல் நிறத்தில் குழிகுழியா இருந்தா தண்ணீர் போயிருக்கு.

#4 மேடுபள்ளம்

பிரித்துப் பார்த்ததில் கீழ் கப்பின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் செம்பழுப்புத் தடங்கள், அரைப்புக் கோடு அழிந்திருக்கிறது. மேல் கப்பில் மெல்லிய தடம். மேல் பேரிங் ஏறக்குறைய உலர்ந்திருந்தது. கீழே கிரீஸ் கஞ்சிபோல் இளகி, கியர் ஆயில் வாசனை. பிரீலோட் எவ்வளவு வைப்பது? கையேட்டில் சொன்னதைவிட கொஞ்சம் கூட்டினால் பெரிய டயருக்கு ஏற்றதாக இருக்காதா?

#5 திருகுவிசை

கையேட்டு வரம்பின் மேல்பாதியில் வையுங்கள், வரம்பைத் தாண்ட வேண்டாம்.

பிரீலோட் ஏன் தேவை என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். பக்கவிசை வரும்போது கப்பின் ஒரு பக்க ரோலர்கள் அழுந்தும், எதிர்ப்பக்க ரோலர்கள் சுமை இழக்கும். பிரீலோட் போதாவிட்டால் அந்த எதிர்ப்பக்கத்தில் இடைவெளி திறந்து, விசை திரும்பும்போது ரோலர் கப்பில் மோதும். உங்கள் கப்பின் இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் தடம் இருப்பது இந்த மோதலுக்குச் சான்று. பிரீலோட் இடைவெளியே திறக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதன் உராய்வு உதறலையும் அடக்குகிறது. ஆனால் அளவுக்கு மேல் இறுக்கினால் நேர்நிலையில் அதே கோட்டில் எந்நேரமும் கூடுதல் சுமை நிற்கும், கிரீஸ் இன்னும் வேகமாகப் பிதுங்கும், வளைவு முடிந்தபின் சக்கரம் தானாக நேராகாது.

தொழிற்சாலை அளவுகள்: சுசுகி சாமுராயில் டை ராட் துளையில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்தால் 1.0 முதல் 1.8 கிலோ. டொயோட்டா லேண்ட் க்ரூசர் 80இல் 3.0 முதல் 5.6 கிலோ. இரண்டுமே ஆக்சில் ஷாஃப்ட்டும் பந்தின் ஆயில் சீலும் இல்லாமல், நக்கிள் அசையத் தொடங்கும் கணத்தில் எடுக்கும் அளவு. தராசை ஸ்டியரிங் ஆர்முக்கு (நக்கிளில் டை ராட் மாட்டும் கை) செங்குத்தாக இழுக்க வேண்டும். சீலோடு அளந்தால் சீலின் உராய்வும் சேர்ந்து வந்து, பேரிங் லூஸாக இருப்பதே தெரியாமல் போகும்.

மாற்று ஸ்டியரிங் ஆர்ம் போட்டவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்: தராசு காட்டுவது விசை, பேரிங்குக்குத் தேவையானது முறுக்கு. ஸ்டாக் ஆர்மில் துளை கிங்பின் மையத்திலிருந்து 150 மி.மீ.யில் இருந்து 4 கிலோ காட்டினால், 180 மி.மீ. நீளமுள்ள புது ஆர்மில் அதே பிரீலோடுக்கு 3.3 கிலோதான் காட்டும். அங்கேயும் 4 கிலோ வரும்வரை ஷிம் எடுத்தால் 20 சதவீதம் கூடுதலாக இறுக்கிவிட்டீர்கள். டேப் வைத்து அளந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

#6 கல்முள்

ஷிம் பற்றி நான் சேர்க்கிறேன். டொயோட்டா மாதிரி மேலும் கீழும் ஷிம் உள்ள ஆக்சிலில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. மேல் ஷிம், கீழ் ஷிம் இரண்டின் கூட்டுத்தொகை பிரீலோடை முடிவு செய்யும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நக்கிளின் மையம் ஆக்சில் ஷாஃப்ட்டின் மையத்தோடு பொருந்துகிறதா என்பதை முடிவு செய்யும். ஷிம் குறைந்தால் பிரீலோட் கூடும். பிரீலோட் கூட்ட மேலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டே போனால் நக்கிள் மையம் நகர்ந்து, ஷாஃப்ட் உள் ஆயில் சீலின் ஒரு பக்கத்தை அழுத்தும். சீல் ஒழுகும். டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கும். மேடுபள்ளம் சொன்ன கஞ்சி பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

மையம் பார்க்கும் கருவி இருந்தால் அதை வைத்து ஷிம் பிரியுங்கள். இல்லையென்றால் பிரிக்கும்போதே மேல் ஷிம்களைத் தனியாக, கீழ் ஷிம்களைத் தனியாகக் கம்பியில் கோர்த்து, மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிவைத்து அதே வித்தியாசத்தைத் தக்கவையுங்கள். 0.2 மி.மீ. எடுக்க வேண்டுமென்றால் மேலே 0.1, கீழே 0.1. கடைசி ஒரு 0.1 மட்டும் ஒற்றையாக வந்தால் பெரிய பாதிப்பில்லை. பேரிங் பிராண்ட் மாற்றினால் பழைய ஷிம்மை நம்ப வேண்டாம், மொத்த உயரத்தில் சிறு வித்தியாசம் இருக்கும். வளைந்த ஷிம், துருப்பிடித்த ஷிம், தகரத்தில் வெட்டிய ஷிம் எதுவும் வேண்டாம். அவை ஓட்டத்தில் நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் பிரீலோட் போகும்.

பிரீலோட் போவதற்கு பேரிங் தேய்வதைவிட அடிக்கடி நான் பார்க்கும் காரணம் ஸ்டட் (ஆர்மை நக்கிளோடு பிடிக்கும் மரைக்கம்பி) தளர்வது. ஹை ஸ்டியர் ஆர்ம் (டை ராடை உயரத்தில் மாட்டும் ஆர்ம்) போட்ட வண்டியில் டை ராடின் தள்ளுவிசையும் இழுவிசையும் ஸ்டட்டுகளுக்கு மேலே உயரத்தில் விழுகின்றன. ஆர்ம் ஒரு பக்கம் தூக்கப் பார்க்கிறது. ஸ்டட் கொஞ்சம் நீண்டாலே ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் நுண்ணிய அசைவு வரும், ஷிம் அரைபடும். ஆர்மின் அடியைச் சுற்றிச் சிவந்த தூள் தெரிந்தால் அதுதான். ஸ்டியரிங்கில் ஹைட்ராலிக் ராம் சேர்த்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவில் டயர் சிக்கி நிற்கும்போது ராம் தள்ளும் விசை முழுக்க இந்த நான்கு ஸ்டட்டிலும் பேரிங்கிலும்தான் போகிறது.

பொருத்தும் முறை: நக்கிளின் முகத்தையும் ஆர்மின் முகத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்கவும். பெயின்ட் துளிகூட இருக்கக் கூடாது. ஸ்டட் துளையின் பழைய பிசினை மரை வெட்டும் டேப் விட்டு எடுக்கவும். ஸ்டட்டை நக்கிளில் த்ரெட்லாக்கரோடு அடிவரை ஏற்றவும். கோன் வாஷரையும் அது உட்காரும் குழியையும் துடைத்து, கோன் ஆர்மில் ஆழமாக இறங்குகிறதா பார்க்கவும். அது ஸ்டட்டைச் சுற்றி ஆர்மை அசையாமல் பிடிக்கும் ஆப்பு. கோனின் பிளவு ஏற்கெனவே மூடிக்கொண்டிருந்தால் புதிது போடுங்கள். லேண்ட் க்ரூசர் 80க்கு நட் டார்க் 96 நியூட்டன் மீட்டர். மூன்று சுற்றாக, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கவும். சாமுராயின் கிங்பின் போல்ட்டுகள் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான். அதில் பெரிய ஸ்பேனர் போட்டு மிதித்தால் நக்கிள் மரை கழன்றுவிடும்.

கழற்றும்போது கோன் வாஷரை நெம்பாதீர்கள். நட்டை நாலு மரை விட்டுத் தளர்த்தி, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் ஆர்மின் மேல் பித்தளைச் சுத்தியலால் ஓங்கி ஒன்று வைத்தால் கோன் தானாக எழும்பும்.

#7 பட்டறைக்காரன்

கல்முள் சொன்னதோடு கிங்பின்னையும் பாருங்க. பேரிங்கை மட்டும் மாற்றிட்டுப் பழைய பின்னில் மாட்டுறாங்க. கோன் பின்னில் கையால் இறங்குற பொருத்தம்தான், அதனால் வருஷக்கணக்கில் ஊசலாடும்போது கோனே பின்மேல் நழுவி அதைத் தேய்க்கும். பின்னை மைக்ரோமீட்டரில் கோன் உட்காரும் இடத்திலும், உட்காராத இடத்திலும் அளந்து பாருங்க. வித்தியாசம் 0.03 மி.மீ.க்கு மேல் போனால் அந்த கேப்பையோ (பின்னோடு சேர்ந்த மூடி) ஆர்மையோ மாற்றணும். கடையில் வாங்குற மாற்று ஆர்ம்களில் கிங்பின், ஆர்மின் முகத்துக்குச் செங்குத்தா கடையப்பட்டிருக்கான்னு சதுரமட்டம் வைத்துப் பாருங்க. சாய்ந்திருந்தால் ரோலரின் ஒரு முனை மட்டும் சுமை தாங்கும், தடம் கப்பின் விளிம்பில் மட்டும் விழும்.

கப் மாற்றும்போது பழையதைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கமா தட்டி எடுங்க. பந்தின் குழியைத் துடைத்து விரல் நகத்தால் தடவிப் பாருங்க. மேடு இருந்தால் நுண்ணிய எமரியில் அந்த மேட்டை மட்டும் எடுக்கணும், குழியைப் பெரிசாக்கக் கூடாது. புதுக் கப்பை பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைங்க. 47 மி.மீ. கப் 45 டிகிரி குளிர்ந்தால் 0.025 மி.மீ. சுருங்கும். கேட்க சின்ன அளவு, ஆனா பாதி தொந்தரவு குறையும். பழைய கப்பின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கி அதையே தட்டும் கருவியா வச்சுக்கலாம். கப் அடியைத் தொட்டதும் சத்தம் "தொம்" என்பதிலிருந்து "டிங்" என்று மாறும். அதற்கப்புறம் 0.03 மி.மீ. ஃபீலர் தகடு எங்கேயும் நுழையாம இருக்கணும். முழுசா உட்காராத கப் ஓட்டத்தில் உட்கார்ந்துக்கும், அந்த இடைவெளி அப்படியே பிரீலோட் இழப்பு.

கப் கையாலேயே சுற்றினால் குழி தேய்ஞ்சு போச்சு. லாக்டைட் 641 பசை, 0.1 மி.மீ. இடைவெளி வரைக்கும் பிடிக்கும், பிற்பாடு தட்டி எடுக்கவும் முடியும். 638, 0.25 வரை பிடிக்கும், எடுக்கச் சூடு காட்டணும். உலோகம் உலர்ந்து சுத்தமா இருக்கணும், 24 மணி நேரம் அசைக்காம விடணும். பெரிய டயர் வண்டிக்கு இதெல்லாம் அடுத்த ரிப்பேர் வரைக்கும்தான். நிரந்தரம் என்றால் குழியைக் கடைந்து வளையம் ஏற்றணும்.

#8 சேற்றுச்சக்கரம்

கிரீஸ் பக்கம் வருகிறேன், உங்கள் பேரிங்கைக் கொன்றது அதுதான் என்பது என் கருத்து.

ஊசலாடும் இடத்துக்கு மிகக் கெட்டியான கிரீஸ் ஆகாது. பிதுங்கிய தடத்துக்கு எண்ணெய் மெதுவாகக் கசிந்து திரும்பி வர வேண்டும். என்.எல்.ஜி.ஐ. எண் (கிரீஸின் கெட்டித்தன்மை அளவு) 2க்கு மேல் போகாதீர்கள், குளிர்ப் பகுதியில் 1 போதும். கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் தண்ணீரில் கரையாது, அடியும் தாங்கும். சேற்றில் இறங்கும் வண்டிக்கு என் முதல் தேர்வு அதுதான். லித்தியம் காம்ப்ளெக்ஸில் 3 சதவீத மாலிப்டினம் டைசல்ஃபைடு சேர்ந்ததும் நன்றாக உழைக்கும். அது, எண்ணெய்ப் படலம் இல்லாத நேரத்திலும் உலோகத்தைக் காக்கும். எதைத் தேர்ந்தாலும் பழையதை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டுப் போடுங்கள். பாலியூரியா கிரீஸும் லித்தியம் கிரீஸும் கலந்தால் பல நேரம் இளகி ஓடிவிடும்.

மேல் பேரிங் உலர்ந்தது ஏன்? நக்கிளுக்குள் போடும் கிரீஸ் சூட்டில் கீழே சரிந்துவிடும். பொருத்தும்போது மேல் கோனின் ரோலர்களுக்குள் கையால் அழுத்தி அழுத்தி, அகலப் பக்கத்தில் தள்ளினால் குறுகிய பக்கத்தில் வெளிவரும்வரை நிரப்ப வேண்டும். வாய்ப்பிருந்தால் மேல் கேப்பில் பின்னின் நடுவழியே துளையிட்டுக் கிரீஸ் நிப்பிள் வையுங்கள். துளை பின்னின் முனைவரை போய்ப் பேரிங்குக்கு அடியில் திறக்கும், அங்கிருந்து கிரீஸ் ரோலர் வழியாக ஏறும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டு பம்ப் கொடுத்து, ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி நாலைந்து முறை திருப்பி, மறுபடி இரண்டு பம்ப். தரையில் சுமையோடு நிற்கும்போது அடித்தால் அழுந்திய ரோலருக்கு அடியில் போகாது.

சீல்: கியர் ஆயில் வாசனை வந்ததால் உள் ஆக்சில் சீலை மாற்றாமல் மூடாதீர்கள். ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும். சீலை ஓரிரு மி.மீ. தள்ளி அழுத்தலாம், அல்லது ஸ்லீவ் போடலாம். டிஃபரன்ஷியல் பிரீதரை (காற்று போய்வரும் துளை) குழாய் போட்டு எஞ்சின் அறையின் உயரத்துக்கு ஏற்றுங்கள். சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி வெற்றிடம் வரும். பிரீதர் அடைத்திருந்தால் அந்த வெற்றிடம் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பந்தின் வெளிப்பரப்பில் துருக்குழி இருந்தால் எபாக்சி நிரப்பித் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சேற்றில் ஓட்டிய அன்றே பந்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள். காய்ந்த சேறு ஃபெல்ட் வளையத்துக்குள் போனால் அடுத்த திருப்பத்திலேயே ரப்பர் சீலை உப்புத்தாள்போல் தேய்க்கும்.

#9 மேடுபள்ளம்

அப்படியே செய்கிறேன். புஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஊசலாடும் இடத்துக்கு ரோலரே பொருத்தமில்லை என்றால் வெண்கல புஷ்தானே சரியான வழி?

#10 கல்முள்

என் ஓட்டு புஷ்ஷுக்குத்தான். ரோலர் கோட்டில் தொடுகிறது, புஷ் பரப்பில் தொடுகிறது. அதே அடி விழுந்தாலும் புஷ்ஷில் பதிவு விழாது. அதன் உராய்வு உதறலை அடக்கும். லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் மேலே ரெயில்கோ புஷ் (பிசின் ஊட்டிய நாரால் ஆனது), கீழே டேப்பர் ரோலர் என்று வைத்ததில் இந்த உராய்வுக்கும் பங்கு உண்டு. மெதுவாகப் பாறை ஏறும் வண்டி, அடிக்கடி கிரீஸ் அடிக்கும் பழக்கம் இருந்தால் புஷ் நெடுநாள் நிற்கும்.

#11 திருகுவிசை

மேலே புஷ் வைப்பதை ஏற்கிறேன், கீழே வைப்பதை ஏற்கவில்லை. கீழ் பேரிங் நேர்ச்சுமையையும் பக்கச்சுமையையும் சேர்த்துத் தாங்குகிறது. அந்தச் சுமையில் புஷ்ஷின் உராய்வு அதிகம், சாலை வேகத்தில் ஸ்டியரிங் தானாக நேராவது மந்தமாகும். தேயத் தேயப் பிரீலோட் குறையும், டேப்பர் ரோலர்போல் நெடுநாள் ஒரே நிலையில் நிற்காது. தண்ணீரும் மணலும் புகுந்தால் வெண்கலம் மணலைத் தன்னுள் பதித்துக்கொண்டு பின்னை அரம்போலத் தேய்க்கும். வண்டி பாதி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓடுமென்றால் மேலும் கீழும் நல்ல டேப்பர் ரோலர், சரியான பிரீலோட், மேலே நிப்பிள். பாறைக்கு மட்டும் என்றால் கல்முள் சொல்வது பொருந்தும், ஆனால் கிரீஸ் அடிக்க மறக்கவே கூடாது.

உதறலுக்கு ஸ்டியரிங் டேம்பர் மாட்டி மூடிவிடாதீர்கள். பேன்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ், டை ராட் முனைகள், டயர் பேலன்ஸ், லிஃப்ட்டால் குறைந்த காஸ்டர் (கிங்பின் கோட்டின் பின்சாய்வு) எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அங்கே பிறக்கும் உதறலின் ஒவ்வொரு ஆட்டமும் கிங்பின் கப்பில்தான் அடிக்கிறது. டேம்பர் அதை வெளியே தெரியாமல் செய்யும், கப் தொடர்ந்து அடி வாங்கும்.

#12 நீள்அச்சு

கேள்வி ஒன்று. டேனா 60 கிங்பின் ஆக்சிலுக்கும் இதே முறைதானா? அதில் ஷிம் எதுவும் காணோம்.

#13 பட்டறைக்காரன்

இல்லைங்க, அது வேற அமைப்பு. திறந்த நக்கிள். கீழே டேப்பர் ரோலர், மேலே கூம்பு வடிவக் கிங்பின்னில் உட்காரும் புஷ். அந்தப் புஷ்ஷை மேல் கேப்புக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்தும், பிரீலோட் அதுதான். ஷிம் கணக்கு இல்லை. ஆட்டம் வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லை புஷ் தேய்ஞ்சிருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றணும், ஒன்றை மட்டும் மாற்றினா பிரயோஜனமில்லை. மேல் கிங்பின் ஹவுசிங்கில் மரையில் இறங்கியிருக்கும், அதன் டார்க் 680 முதல் 810 நியூட்டன் மீட்டர். சாதாரண டார்க் ரெஞ்சில் வராது, முறுக்குப் பெருக்கி வேணும். அதைக் குறைவா இறுக்கினா கிங்பின் ஹவுசிங் மரையையே ஆட்டி அழிச்சிடும்.

#14 மேடுபள்ளம்

புது பேரிங், உள் சீல், மேல் நிப்பிள், பிரீதர் குழாய், ஸ்பேசர் நீக்கம் என்று முடிவு செய்துவிட்டேன். பூட்டியபின் எப்போது திரும்பப் பார்ப்பது?

#15 பட்டறைக்காரன்

பூட்டும்போதே பிரீலோட் வைத்ததும் நக்கிளைக் கோடிக்குக் கோடி 20 முறை திருப்பி, மறுபடி தராசில் அளந்துடுங்க. ரோலர்கள் கப்பில் உட்கார்ந்ததும் அளவு கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்துக் கடைசி ஷிம்மை முடிவு பண்ணுங்க. 500 கிலோமீட்டரில் ஸ்டட் டார்க்கை மட்டும் பாருங்க. 1000இல் சக்கரத்தைத் தூக்கி பிரேக் சோதனை. ஆட்டம் இருந்தால் டை ராடைக் கழற்றித் தராசு மாட்டுங்க, அப்போ சீல் உராய்வு சேர்ந்திருக்கும். அதுக்காகப் பூட்டிய அன்றே சீலோட ஒரு அளவு எடுத்து எழுதி வைங்க, அதோட ஒப்பிட்டாப் போதும். தண்ணீரில் அச்சு முழுகினால் அந்த வாரமே இரண்டு பக்க நிப்பிளையும் கழற்றிப் பழைய கிரீஸ் நிறம் மாறியிருக்கான்னு பாருங்க. பால் மாதிரி வெளுத்து வந்தா பிரித்துக் கழுவணும், மேல புதுக் கிரீஸ் அடிச்சு ஓட்டக் கூடாது.